ஆளுக்கேற்பப் பேசுவது பிழையா? வாடிக்கையாளர் சேவை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

வாடிக்கையாளர் சேவை நிர்வாகத்தினருக்கும் தர மதிப்பீட்டுக் குழுவினருக்கும்,

சென்ற மாதம் முதல் தேதி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை ஏற்க முடியாமல் இதை எழுதுகிறேன். கூப்பிடுவது யாராக இருந்தாலும், எதற்காகக் கூப்பிட்டாலும், ஸ்கிரிப்டில், அதாவது நாங்கள் பேச நீங்கள் எழுதிக் கொடுத்ததில், உள்ள வரிகளை அதே சொற்களில் சொல்ல வேண்டும் என்கிறது அது. வாடிக்கையாளரைப் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும், அதுவும் ஒரு காலில், அதாவது ஒரு அழைப்பில், இரண்டு முறையாவது. ஐயா, அம்மா, தம்பி எல்லாம் இனிமேல் 'அனுமதிக்கப்படாத விளிச்சொற்கள்'. இதுவரை மாதத்துக்கு ஐந்தாறு கால்களை ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்டு மதிப்பெண் போட்டார். இனி எல்லாக் கால்களையும் மென்பொருள் கேட்கும். வரி இருந்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் கிடையாது.

டீம் லீடரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். பிறகு மேலே இருப்பவர்களுக்கே மின்னஞ்சல் போட்டேன். மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. எங்கள் ஃப்ளோரில் இருக்கும் பாதிப் பேருக்கு இதே மனக்குறை உண்டு. வேலை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் 9 ஆண்டுகளாக இந்தக் கால் சென்டரில் ஹெட்செட் மாட்டுகிறவள். சுற்றறிக்கை வந்த எட்டாவது நாள் நான் எடுத்த ஒரு காலுக்கு 100-க்கு 0 போட்டிருக்கிறீர்கள். உங்கள் மதிப்பெண் தாளில் இருப்பதை விட அந்தக் காலில் நிறைய இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஓப்பனிங், அதாவது தொடக்க வரிகள், சொல்லி முடித்தேன். எதிர்முனையில் பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. வயதானவர் என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒரு நம்பர் விஷயமாப் பேசணும்மா. என் வீட்டுக்காரம்மா பேர்ல இருக்கு."

இந்த இடத்தில் ஸ்கிரிப்டில் இருக்கும் வரி, 'கணக்கின் உரிமையாளரிடம் பேச இயலுமா?' என்பது. கேட்கத்தான் வேண்டும், பாதுகாப்புக்காக வைத்த கேள்வி அது. நான், "அம்மா பக்கத்துல இருக்காங்களாங்கய்யா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா" என்றார். கொஞ்சம் விட்டு, "அவ இல்லம்மா இப்போ" என்றார்.

இரண்டு 'இல்லம்மா'. முதலாவதற்குப் பக்கத்தில் இல்லை என்று பொருள். இரண்டாவது என்னவென்று தமிழ் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சொல் ஒன்றேதான். நடுவில் அவர் விட்ட இடைவெளியும் குரல் இறங்கிய விதமும்தான் அதை வேறாக்கின. இன்னொன்றும் நடந்தது. முகம் தெரியாத என்னிடம் 'வீட்டுக்காரம்மா' என்று மரியாதையாகத் தொடங்கியவர், இங்கே 'அவ' என்று வீட்டுக்குள் பேசும் பேச்சுக்கு வந்துவிட்டார். ஒரு மனிதர் அந்நியரிடம் பேசும் பேச்சை விட்டு இறங்கி வருகிறார் என்றால் அவரால் அதற்கு மேல் அதைப் பிடித்துவைக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். அந்த நொடியில் எனக்கு ஸ்கிரிப்ட் எடுத்துக் கொடுக்கும் வரி இது: 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கள் உணர்வுகளை எங்களால் புரிந்துகொள்ள முடிகிறது.'

என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. "ஐயய்யோ, எப்பங்கய்யா?" என்றுதான் வந்தது. "மூணு வாரம் ஆச்சும்மா" என்றார். அதன் பிறகு இருவருமே பேசவில்லை. 11 வினாடி என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன், தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாது என்று.

அவரே தொடர்ந்தார். "அந்த நம்பரை வேற யாருக்காச்சும் குடுத்துருவீங்களாம்மா?"

இதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார். மூன்று வாரமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருந்திருப்பார் என்று எனக்குப் பட்டது. "உடனே குடுக்க மாட்டாங்கய்யா. மூடிட்டா கொஞ்ச மாசம் கழிச்சு வேற ஒருத்தருக்குப் போகலாம். வேணும்னா உங்க பேருக்கே மாத்தி வச்சுக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன். மாற்றிக்கொள்கிறேன் என்றார். என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "எழுதிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். கடைசியில் "வைக்கிறேம்மா" என்றார். "சரிங்கய்யா. உடம்பைப் பாத்துக்கங்க" என்றேன்.

'இந்த நாள் தங்களுக்கு இனிய நாளாக அமைய வாழ்த்துகள்' என்று நான் சொல்லவில்லை. மனைவியை இழந்து மூன்று வாரமான ஒருவரிடம் அதைச் சொல்லச் சொல்லி எழுதிவைத்த கை எது என்று எனக்குத் தெரியாது. அவர் எதிரே உட்கார்ந்திருந்தால் உங்களில் யாருமே அதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மதிப்பெண் தாளில் வந்தவை இவை. எம்பதி வரி, அதாவது ஆறுதல் வரி, இல்லை. வாடிக்கையாளர் பெயர் ஒரு முறைகூடச் சொல்லப்படவில்லை. அனுமதிக்கப்படாத விளிச்சொல் 14 இடங்களில். டெட் ஏர், அதாவது யாரும் பேசாத நேரம், 11 வினாடி. புதிய திட்டம் பற்றிப் பேசவில்லை. நிறைவுரை தவறு, அது பேட்டல், அதாவது ஒன்று நடந்தாலே முழு மதிப்பெண்ணும் போய்விடும் பிழை, அதனால் மொத்தமும் பூஜ்யம். என் பேச்சு கெட்டுப்போயிருக்கிறது என்று கோச்சிங்குக்கும் எழுதிப்போட்டிருக்கிறீர்கள்.

இந்த மதிப்பெண்ணின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: சரியான பேச்சு என்று ஒன்றுதான் உண்டு, அதிலிருந்து விலகினால் ஒழுங்கு கெட்டுவிட்டது என்ற நம்பிக்கை. நான் மறுப்பது அதைத்தான்.

எங்கள் இடைவேளை அறையில் யாராவது கைப்பேசியை எடுத்து "ஹலோ" என்று சொன்னதுமே அடுத்த முனையில் இருப்பது யார் என்று மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மாவிடம் பேசினால் ஒரு குரல், மாமியாரிடம் வேறு. கணவரா, பள்ளித் தோழியா, வீட்டுச் சொந்தக்காரரா என்பது முதல் ஐந்து சொல்லில் தெரிந்துவிடும். பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வேகம் மாறும், வாக்கியத்தின் முடிவு மாறும், ஊர்ப் பேச்சு தலைகாட்டும் அல்லது ஒளிந்துகொள்ளும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளைகூடத் தன் தம்பிப் பாப்பாவிடம் பேசும்போது குரலை மாற்றிக்கொள்கிறது. எதிரில் இருப்பவரைக் கணக்கில் எடுத்துக்கொள்வதன் பெயர்தான் அது.

ஏதோ என் மனதுக்குத் தோன்றியதைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மொழியியலில் இது அரை நூற்றாண்டுக்கு மேல் ஆராயப்பட்ட விஷயம். ஹோவர்ட் கைல்ஸ் 1970-களில் இதற்கு ஒரு கோட்பாடே உருவாக்கினார். மனிதர்கள் நெருங்க விரும்பும்போது எதிரில் இருப்பவரின் பேச்சை நோக்கித் தம் பேச்சை நகர்த்துகிறார்கள், விலக விரும்பும்போது வேண்டுமென்றே விலக்கிக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். எங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 1984-ல் வெளிவந்தது. நிகலஸ் கூப்லண்ட் என்பவர் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்தில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பேச்சைப் பதிவு செய்தார். 51 வாடிக்கையாளர்களுடன் அவர் பேசிய பேச்சை ஒலி ஒலியாகப் பிரித்துப் பார்த்தார். வாடிக்கையாளர் எப்படி உச்சரித்தாரோ அந்தப் பக்கமாகவே அந்தப் பெண்ணின் உச்சரிப்பும் நகர்ந்திருந்தது. என்னைப் போலக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர் அவர். அதே ஆண்டு ஆலன் பெல் வெளியிட்ட ஆய்வில், நியூசிலாந்து வானொலியில் ஒரே செய்தி வாசிப்பாளர்கள் இரண்டு நிலையங்களுக்குச் செய்தி வாசித்தார்கள். வாசிப்பவர் ஒருவர்தான், செய்தியும் ஒரே வகைதான், ஆனால் நிலையம் மாறினால் உச்சரிப்பும் மாறியது. கேட்பவர்கள் வேறு, அவ்வளவுதான். எழுதிவைத்ததை வாசிக்கிறவர்களிடமே இது நடக்கிறது என்றால் நேருக்கு நேர் பேசுகிறவர்களிடம் கேட்கவா வேண்டும்?

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதும் இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களைப் பற்றி வருகிறது. மூன்றும் கேட்டு வாங்குவதற்கான சொற்கள்தான். ஆனால் தன்னிலும் உயர்ந்தவரிடம் கேட்பவர் 'ஈ' என்பார், சமமானவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார் என்று இலக்கணமே பிரித்துச் சொல்கிறது. அந்த உயர்வு தாழ்வு இன்று வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வேண்டவே வேண்டாம். யார் யாரிடம் பேசுகிறார் என்பதை வைத்துத்தான் சொல் அமைகிறது என்பதை அவ்வளவு காலத்துக்கு முன்பே கவனித்து எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் தகுதி வழக்கு என்று படித்தோமே, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இறந்தார் என்பதை 'இயற்கை எய்தினார்' என்று மாற்றிச் சொல்வது மங்கலம் என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். அந்தப் பெரியவர் 'அவ இல்லம்மா இப்போ' என்று சொன்னது அதே வழக்குதான். அதற்கு அதே தளத்தில் பதில் சொன்னதற்கு இப்போது மதிப்பெண் போகிறது.

ஒரே வரியை எல்லோரிடமும் சொன்னால் எல்லோரையும் சமமாக நடத்துவது ஆகும் என்று பயிற்சியில் ஒருவர் சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஃப்ளோரில் நடப்பது நேர்மாறாக இருக்கிறது. ஸ்கிரிப்டின் தமிழ் எழுத்துத் தமிழ். அதுவும் ஆங்கிலத்தில் எழுதி மாற்றிய எழுத்துத் தமிழ். 'தங்களின் பதிவு செய்யப்பட்ட கைப்பேசி எண்ணிற்கு அனுப்பப்பட்டுள்ள ஒருமுறை கடவுச்சொல்லை உள்ளிடவும்.' படித்த ஒருவருக்கு இது புரியும். ஒரு அம்மா எனக்குக் கால் செய்து, இதை மூன்று முறை கேட்டுவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்கன்னே தெரியலம்மா, எனக்குப் படிப்பு இல்ல" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? அப்புறம் நான், "உங்க போனுக்கு இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும்மா. அதுல ஆறு நம்பர் இருக்கும். அதை என்கிட்டகூடச் சொல்லாதீங்க, யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. அதைப் பாத்து அப்படியே அந்தக் கட்டத்துல போடுங்க" என்றேன். ஒரே நிமிடத்தில் வேலை முடிந்தது. ஸ்கிரிப்டைச் சொன்ன மூன்று முறைக்கும் முழு மதிப்பெண், புரியும்படி சொன்ன ஒரு முறைக்குக் கழிவு. சமமாக நடத்துவது என்பது எல்லோருக்கும் ஒரே அளவு புரிய வைப்பதா, எல்லோருக்கும் ஒரே ஒலியை அனுப்புவதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. சிலருக்கு ஸ்கிரிப்டின் நடைதான் பிடிக்கும். எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்துவிட்டு, புகார் எண்ணும் தேதியுமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் 'சொல்லுங்கண்ணா' என்று தொடங்கினால் விஷயத்தை மழுப்புகிறேன் என்று நினைப்பார்கள். அங்கே 'தாங்கள் குறிப்பிட்ட புகார்' என்றுதான் பேசுவேன், பேசவும் பிடிக்கும். ஒரு மாணவன், "அக்கா, பத்து நிமிஷத்துல ஆன்லைன் எக்ஸாம், நெட் போயிருச்சு" என்று பதறினால், காத்திருந்தமைக்கு நன்றி, தங்களைப் பெற்றதில் மகிழ்ச்சி என்று இருபது வினாடி ஓட்டுவது கொடுமை. "சரி தம்பி, லைன்லயே இரு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். அவனுக்கு அந்த நேரத்தில் மரியாதை என்பது வேகம்.

இப்படி மாற்றிப் பேசுவதில் தப்பே நடக்காது என்று சொல்ல மாட்டேன். நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நடுங்கும் குரலில் பேசிய ஒரு முதியவரிடம் ஒவ்வொரு சொல்லாக நீட்டி, குரலை உயர்த்தி, "இப்ப அந்த சிவப்பு பட்டனை அமுக்குவோமா? வெரி குட்!" என்று பேசினேன். அவர் நிதானமாக, "எனக்குக் காது நல்லாக் கேக்கும். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவன். என்கிட்ட குழந்தைகிட்ட பேசற மாதிரி பேச வேண்டாம்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. குரல் நடுங்கியதை வைத்து மூளையும் நடுங்குகிறது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். இதிலும் ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் மறதி நோயுள்ள முதியவர்கள் தங்கும் பராமரிப்பு இல்லங்களில் செய்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், ஊழியர்கள் குழந்தைப் பேச்சுப் பேசியபோது அவர்கள் ஒத்துழைக்க மறுப்பது கூடியது என்று கண்டார்கள். நினைவு தவறியவருக்கே அது உறைக்கிறது.

இன்னொரு தவறும் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த ஒரு பெண், அழைத்தவரின் ஊர்ப் பேச்சை அப்படியே திருப்பிப் பேசினாள். அவளுடையது அந்த ஊர்ப் பேச்சே இல்லை. அவர், கேலி பண்ணுகிறாயா என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். நெருங்கிப் போவதற்கும் நடித்துக் காட்டுவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அது எங்கே என்று அனுபவத்தில்தான் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் சீக்கிரம் தெரியும். இதை மேற்பார்வை பார்க்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கிறேன். சமையலில் ஒருவர் உப்பைக் கூட்டிப் போட்டால், அளவைச் சொல்லித்தருவோம், உப்பே கூடாது என்று சட்டம் போடுவதில்லை.

என் பக்கத்து இருக்கையில் இருப்பவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'வட்டார வாடை' என்று எழுதி அவளை நான்கு வாரம் குரல் திருத்தத்துக்கு அனுப்பினீர்கள். அவள் ஊர்க்காரர்களின் கால் வந்தால், அவள் வாயைத் திறந்ததுமே அவர்கள் இளகுவதை நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். "நம்ம பக்கமாம்மா?" என்பார்கள், கோபமாக வந்தவர்கள்கூட. இப்போது திரும்பி வந்திருக்கிறாள். ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு வெளியே விடுகிறாள். வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் பதில் வருவதற்கு ஒரு நொடி தாமதம். இடைவேளையில் எங்களிடம் பேசுவதும் குறைந்துவிட்டது. அவள் பேச்சைச் சரிசெய்துவிட்டதாக உங்கள் பதிவேட்டில் இருக்கும். டெபோரா கேமரன் பிரிட்டனில் இருக்கும் கால் சென்டர்களை ஆராய்ந்து 2000-ல் எழுதியிருக்கிறார்: ஊழியரின் குரலும் சொல்லும் சிரிப்பும்கூட நிறுவனம் வடிவமைத்துக் கொடுக்கும் பொருளாக மாறுவதை. அதைப் படித்தபோது எனக்கு இவள் முகம்தான் வந்தது.

நிர்வாகத்தினரிடம் நேராக ஒன்று கேட்கிறேன். போன மாதம் ஃப்ளோரில் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினீர்கள். "என்னப்பா, சாப்டீங்களா எல்லாரும்?" என்றுதான் ஆரம்பித்தீர்கள். நன்றாக இருந்தது, எங்களுக்கு இலகுவாக இருந்தது. பாதியில் வெளியிலிருந்து வந்த விருந்தினர்கள் உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து நின்று, பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்றி, எங்களை 'அசோசியேட்ஸ்' என்று அறிமுகம் செய்தீர்கள். இரண்டுமே சரிதான். இரண்டு இடத்திலும் இருந்தது நீங்கள்தான், யாரும் உங்களைப் போலி என்று சொல்லவில்லை. எதிரில் இருப்பவருக்கு எது வேண்டும் என்று பார்த்துப் பேசினீர்கள். அதே உரிமையை ஹெட்செட் போட்டவர்களுக்கும் கொடுங்கள் என்பதுதான் இந்த மடலில் நான் கேட்பது.

எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டிய வரிகள் இருக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. அழைப்பு பதிவாகிறது என்ற அறிவிப்பு, ஆளைச் சரிபார்க்கும் கேள்விகள், கட்டணம் பற்றிய விவரம், சம்மதம் கேட்பது. இவற்றில் ஒரு சொல் தவறினாலும் வாடிக்கையாளருக்குத்தான் நஷ்டம், எங்களுக்கும் வம்பு. இந்த நான்கைந்து வரிகளுக்கும் ஆறுதல் சொல்லும் வரிக்கும் ஒரே அளவுகோல் வைத்ததுதான் கோளாறு. கட்டணத்தை எழுதிவைத்துப் படிக்கலாம். ஆறுதலை எழுதிவைத்துப் படித்தால் கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும், உங்களுக்கே யாராவது அப்படிச் சொன்னால் தெரிந்துவிடுவது போல.

நான் கேட்பவை இவை.

ஸ்கிரிப்டை இரண்டாகப் பிரியுங்கள். சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் வேண்டிய வரிகள் சொல் மாறாமல் இருக்கட்டும். வரவேற்பு, ஆறுதல், விளக்கம், விடைபெறுதல் ஆகியவற்றில் என்ன சொல்லப்பட வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள், எப்படிச் சொல்வது என்பதை அந்தக் காலை எடுத்தவரிடம் விடுங்கள். ஐயா, அம்மா, தம்பி, அக்கா ஆகிய சொற்களைத் தடைப்பட்டியலிலிருந்து எடுங்கள். இறப்பு, விபத்து, நோய் பற்றிய கால்களில் புதிய திட்டம் விற்கும் வரியையும் இனிய நாள் வாழ்த்தையும் உடனே, இந்த வாரமே, நீக்குங்கள். இதற்குக் கூட்டம் போட்டுப் பேச வேண்டியதில்லை.

மென்பொருள் போடும் மதிப்பெண்ணில் ஒரு கால் பேட்டல் ஆனால், தமிழ் பேசும் ஒரு மனிதர் அதை முழுதாகக் கேட்ட பிறகே அது பதிவேட்டில் ஏற வேண்டும். மௌனத்தை டெட் ஏர் என்று எண்ணும் முன் அதற்கு முந்தைய வாக்கியம் என்ன என்று கேட்கட்டும். ஸ்கிரிப்டை மாற்றி எழுதும்போது ஃப்ளோரில் ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் சிலரையாவது உட்கார வையுங்கள். 'தங்களைப் பெற்றதில் மகிழ்ச்சி' போன்ற வரிகள் அந்த அறையைத் தாண்டி வெளியே வராது.

என் பக்கத்து இருக்கைக்காரியின் கோப்பிலிருந்து 'வட்டார வாடை' என்ற குறிப்பை அடித்துவிட்டு, அடித்ததை அவளிடம் எழுத்தில் சொல்லுங்கள். இனி யார் கோப்பிலும் அப்படி எழுத வேண்டாம். வாடிக்கையாளருக்குப் புரிகிறதா இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

என் அந்த ஒரு காலின் மதிப்பெண்ணை மாற்றச் சொல்லி நான் வற்புறுத்தப்போவதில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கிற, முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிற ஒருவராவது, அந்தப் பதிவை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை ஹெட்செட்டில் கேளுங்கள். மொத்தம் 7 நிமிடம் 40 வினாடி. கேட்டுவிட்டு, எந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

9 ஆண்டுகளாக இந்த ஃப்ளோரில் இருக்கும் ஒரு ஊழியர்